தளபதி தலை போட்ட காசு

"அதை எடுங்க."

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "எதைம்மா?"

"அந்த ஆள் தலை போட்ட காசை."

நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நாணயக் கண்காட்சி. அவள் கணவனுக்குக் காசு சேர்க்கும் கிறுக்கு உண்டு. மருந்துக்கடையில் வாரம் ஆறு நாள் நின்று ஓய்ந்தவள், கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீணாகப் போகிறதே என்று முணுமுணுத்தபடிதான் அவனோடு வந்திருந்தாள்.

இந்த மேஜையில் கறுப்புத் துணி விரித்து, நட்டநடுவில் தளபதியை வைத்திருந்தார்கள். மற்ற காசெல்லாம் ஓரத்தில். பக்கத்தில் ஓர் அட்டை: 'தளபதி பிறந்த நூற்றாண்டு நினைவு நாணயம். சுத்த வெள்ளி.'

சற்று முன்னால்தான் கணவன் அதைக் குனிந்து பார்த்து, "துடைச்சுத் துடைச்சு என்னமா வச்சிருக்கார்" என்று மெச்சியிருந்தான்.

"காசுன்னா சரித்திரம்தானேம்மா" என்றார் கிழவர். "நல்லவன் கெட்டவன்னு பாத்துச் சேர்க்க முடியுமா?"

"சேர்த்துக்குங்க. வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிட்டுக்குங்க. ஊர் பாக்க நடுவுல வைக்காதீங்க."

கணவன் அவள் முழங்கையைத் தொட்டான். "விடு. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

சத்தம் கேட்டு, கண்காட்சி நடத்தும் சங்கத்துச் செயலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெரியவரே, இப்போதைக்கு வேற காசை முன்னால வைங்களேன்" என்றார்.

"மேஜையை வேணா காலி பண்ணிடறேன். இதை எடுக்க மாட்டேன்."

செயலாளர் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "எந்த ஊர்ல கண்காட்சி போட்டாலும் இவர் இதைத்தான் முதல்ல வைப்பார். தளபதி மேல அப்படி ஒரு பக்தி. வயசானவர், விட்டுடுங்க."

"அப்படி என்னம்மா அவர் மேல கோபம் உங்களுக்கு?" என்றார் கிழவர்.

அவள் காசை நோக்கி விரல் நீட்டினாள்.

"எங்கப்பா அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கறவர். இந்த ஆளுக்கு எதிரா யாரோ கொடுத்த நோட்டீஸை அடிச்சுக் கொடுத்தார், அவ்வளவுதான். சாப்பிட உக்காந்தவரை இவனோட பட்டாளத்து ஆளுங்க கை கழுவக்கூட விடாம இழுத்துட்டுப் போனாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. இன்னிக்கு வரைக்கும் இருக்காரா இல்லையான்னு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எந்த விண்ணப்பத்துலயும் அவர் பேருக்கு முன்னால 'காலமான'ன்னு எழுத எங்கம்மா விட்டதில்ல. என் கல்யாணப் பத்திரிகையில கூட."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். செயலாளருக்குத் திடீரென்று வேறொரு மேஜையில் வேலை வந்துவிட்டது.

கிழவர் எழுந்தார். காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"இந்தக் காசு வெளியான நாள்லேருந்து, நாலு வருஷமா, ஊர் ஊரா தூக்கிட்டு அலையறேன்" என்றார். "எடை எவ்வளவும்பாங்க. என்ன விலைக்குக் கொடுப்பீங்கம்பாங்க. கையில வாங்கிப் போட்டோ பிடிச்சுக்குவாங்க. எடுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"எனக்குப் புரியல."

"வீட்டு மனுஷனைப் பறிகொடுத்தவங்க இந்த மூஞ்சியைப் பாத்தா சும்மா தாண்டிப் போக மாட்டாங்கன்னு நெனச்சேன். வேற எப்படித் தேடறது? யார் பேரும் எனக்குத் தெரியாது. சர்க்கார் ஆபீஸ்ல போய்ச் சொல்லலாம்னா, அவனுக்குக் காசு அடிச்சவங்களே அவங்கதானே?"

அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது. குரலும் கூடவே இறங்கியது.

"உங்க வீட்டுலயும் யாரையாவது கூட்டிட்டுப் போனாங்களா?"

கிழவர் கேட்டார்: "எந்த வருஷம், எந்த மாசம்மா?"

"அந்த ஆள் ஆட்சிக்கு வந்த ரெண்டாவது வருஷம். நவம்பர் கடைசி வாரம்."

கிழவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாரம் ரெண்டு நடை" என்றார். "ரெண்டு குழியும் எங்க இருக்குன்னு இப்பவும் என்னால காட்ட முடியும். அந்தப் பட்டாள வண்டியை ஓட்டினவன் நான்தாம்மா."