அரைநாள் லீவும் ஓர் அரசாங்கமும்

உறையைக் கிழிப்பதற்கு முன் துரை எழுந்து நின்று கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். அரசாணையை உட்கார்ந்தபடி படிக்கக் கூடாது என்று ஏற்கெனவே ஓர் அரசாணை இருந்தது.

சேவகன் சின்னையாவும் நின்றான். அவன் எப்போதும் நிற்கிறவன்தான். அந்தத் தூதரகத்தில் நாற்காலி ஒன்றே ஒன்று.

பீச் ஸ்திரீட்டில் அரிசிக் கிடங்கு ஒன்றின் மாடி. ஒரு மேசை, ஒரு கொடி, அதை ஏற்றி இறக்க ஒரு சேவகன். மூன்று வருஷத்துக்கு முன், பெரிய சண்டை மூண்ட கையோடு எதிரிப் படை நுழைந்து பிடித்துக்கொண்ட ஓர் ஐரோப்பிய நாட்டுக்குப் பினாங்கில் இருந்த சொத்து இவ்வளவுதான்.

ராஜாவும் மந்திரிகளும் பக்கத்து நாட்டில், கடலோர ஓட்டல் ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். சட்டசபை கூட வழியில்லை. ஆகவே ராஜா கையெழுத்துப் போட்டால் அதுவே சட்டம். போட்டுத் தள்ளினார். ஆள மண் இல்லாவிட்டால் என்ன, மை இருந்தது.

அந்த ஆணைகள் யார்மேல் பாயும்? அந்த நாட்டிலேயே இருந்த குடிகள் எதிரிக்குப் பயந்து நடந்தார்கள். பினாங்கில் அந்த நாட்டுப் பிரஜை என்று ஈ, காக்கை கிடையாது. துரையே இங்கே பிறந்து, கரும்புத் தோட்டத்தில் தமிழ் பேசி வளர்ந்து, பாட்டன் வழியில் ஏதோ உறவு என்று சொல்லிக் கௌரவத் தூதர் பட்டம் வாங்கிக்கொண்டவர். அந்த மண்ணை மிதித்ததில்லை.

மிச்சம் சின்னையா. ஒரு ராஜ்யத்தின் ஆளும் தினவு முழுவதையும் அவன் ஒருத்தன் முதுகு தாங்கிற்று.

உதறிவிட்டுப் போகலாமென்றால் சத்தியம் குறுக்கே நின்றது. வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னால் இவன் அதைப் பலகையாகத்தான் நினைப்பான் என்று துரைக்குத் தெரியும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். கொடி ஏறியிருக்கும் பொழுதில் தூதர் உத்தரவில்லாமல் படியிறங்குவதில்லை என்பது சத்தியம்.

இன்று அவனுக்கு வேண்டியது அரைநாள்.

மகள் ருக்குமணியைத் தட்டு மாற்றி நிச்சயம் செய்ய, அக்கரையில் புக்கிட் தெங்காவிலிருந்து பிச்சைமுத்து குடும்பம் வந்து அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தது. வருவது மூன்றாம் முறை. பிப்ரவரியில் வந்தபோது ராஜாவுக்குப் பிறந்தநாள். மே மாதம் வந்தபோது யாரோ தளபதிக்குத் துக்கம். இரண்டு தடவையும் லீவு இல்லை. தகப்பன் இல்லாத சபையில் தட்டை அவிழ்க்க மாட்டோம், இன்றும் வராவிட்டால் வேறு பெண் பார்க்கிறோம் என்று பிச்சைமுத்து சொல்லியாயிற்று.

காலையில் கேட்டபோது, போர்க்கால லீவை ராஜாதான் தர முடியும் என்றார் துரை. மனு போயிருக்கிறது, தபால் வரட்டும்.

தபால் வந்துவிட்டது. சின்னையா அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே தெருவில் குதிரைவண்டியை நிறுத்திக்கொண்டு, அவன் மனைவி நவமணியின் தம்பி அர்ஜுனன் கத்தினான்.

"மச்சான்! அவங்க எந்திரிச்சிட்டாங்க, அஞ்சு மணிப் படகாம்! அக்கா பலகாரத்தக் காட்டிப் புடிச்சு வெச்சிருக்கு. ஒங்க ராஜாவுக்குக் கும்பிடு போட்டது போதும், எறங்கி வாங்க லா!"

துரை தொண்டையைச் செருமினார். ராஜாவின் பட்டங்கள் ஒன்பது. ஒன்றையும் விடவில்லை. ஐந்தாவது பட்டத்தில் சின்னையா மாடிச் சுவரோரம் நகர்ந்து தெருவை எட்டிப் பார்த்தான். எட்டாவதில் துரை அவனை முறைத்துவிட்டு, முறைத்ததில் இடம் தவறி, ஏழாவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது. ஐந்தாவது வரியில் நின்றே போனது.

"லீவுதானுங்களே துரை?"

துரை தாளின் தேதியைப் பார்த்தார். திருப்பி, வெறும் பின்பக்கத்தையும் பார்த்தார். நீர்மூழ்கிகளுக்குப் பயந்து உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்த தபால். எழுதி ஏழு மாதமாகிறது.

"லீவு இல்ல. வேற சமாச்சாரம்." மேல் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "கௌரவத் தூதருங்க எல்லாரையும் ஜனவரியோட நீக்கியாச்சாம். சேவகனுங்க மட்டும் சத்தியப்படி நின்னு வேல பாக்கணுமாம்."

இது மண்டைக்குள் இறங்கச் சின்னையாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தில், படகுத்துறையைப் பார்த்து ஒரு வாடகை வண்டி கீழே கடந்தது. அர்ஜுனன் கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடினான். பிச்சைமுத்து குடையை நீட்டி வண்டிக்காரனை ஓட்டு என்றார். அவர் மனைவி மடியில் தாம்பூலத் தட்டு. மேலே கட்டியிருந்த சிவப்புத் துணியின் முடிச்சு, அவிழாமல் அப்படியே இருந்தது.

வண்டி மறையும் வரை பார்த்துவிட்டுச் சின்னையா திரும்பினான்.

"அப்ப, இம்புட்டு நாளா எனக்கு லீவு இல்லன்னு சொன்னது யாருங்க?"