பதினாலாயிரம் கிலோமீட்டர்

பெண் பார்க்க வந்த இடத்தில், நவ்யா நீட்டிய பஜ்ஜித் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள் மாப்பிள்ளையின் அம்மா சரோஜினி.

“ஏர்லைன்ஸ்ல வேலைன்னாங்க. அங்கயும் இப்படித் தட்டு நீட்டறதுதானா அம்மணி?”

நவ்யாவுக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தாள்.

“என்ற பையன் ரித்விக் போன வாரம் சான்பிரான்சிஸ்கோவுல ஏறி, பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம் எங்கயும் நிக்காம பறந்து பெங்களூர்ல எறங்குனான். அதுக்கெல்லாம் தெம்பு வேணும்!”

“சனிக்கிழமை வந்ததுங்களா? அன்னைக்குப் பேய்மழையாச்சுங்களே, எறங்கறப்பப் பயந்துட்டீங்களா?” என்று ரித்விக்கைக் கேட்டாள் நவ்யா.

“இல்லீங்க, சக்கரம் தரையைத் தொட்டதே தெரியல. பைலட் பலே ஆளு!”

“ரொம்ப நன்றிங்க. எறக்குனது நான்தானுங்க.”

சரோஜினி எழுந்து, நவ்யாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

“நீ உக்காரு கண்ணு. மொதல்ல நீ எடுத்துக்க.”