சுவரில்லாத வீட்டின் செருப்புகள்

குண்டு விழுந்த வீடொன்றின் பழைய புகைப்படத்தை ஆவணக் காப்பகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் சிவகௌரி. கூரையில்லை, சுவரில்லை, வாசல் நிலை மட்டும் நின்றது. அதன் முன்னே கிடந்த செருப்புகளை 'இறந்தவர்களுடையவை' என்று காலையில்தான் படக்குறிப்பில் எழுதியிருந்தாள். இப்போது பார்த்தால் எல்லாம் சோடி சோடியாக, வாசலைப் பார்த்தபடி இருந்தன. நிலையில் வாடாத மாவிலைத் தோரணம் வேறு.

"நிமலன், ஓடி வாங்கோ! இது செத்தவையின்ர இல்லை, கலியாணத்துக்கு வந்தவையின்ர!"

"சுவரே இல்லாத வீட்டுக்கு ஆர் செருப்பைக் கழட்டிப்போட்டுப் போவினம்?" என்றான் பக்கத்து மேசை நிமலன்.

"எங்கட ஆக்கள்தான்!"

சிரிப்பு அடங்காமல் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். மேசைக்கடியில் அவளுடைய கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தன.