புல்லை வெட்டாதே!

"வேலியோர அலங்காரப் புல்லை வெட்டாதே!" என்றார் கணவர்.

"வெட்டவே கூடாதுடி!" என்றாள் அம்மா.

இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னதை மகளால் நம்பவே முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. இருவருக்கும் சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்குக்கூட அவர் இடப்பக்கம் போனால் அம்மா வலப்பக்கம் போவாள்.

இன்றும் அப்படியே இருவரும் கிளம்பிப் போனதும், புல்லை வெட்ட மகள் தோட்டக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"முதல்ல கயித்தால இறுக்கிக் கட்டிக்கிறேம்மா. அப்பதான் வெட்டுறப்ப சிதறாது" என்றவர், ஆளுயரப் புல்புதரைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு ஓங்கி இழுத்தார்.

"ஐயோ!" என்றது புதர்.

பிறகு அம்மாவின் குரலில் கிசுகிசுத்தது:

"மாப்பிள்ளை, மிச்ச ஐஸ்கிரீமை நீங்க முழுங்கிடுங்க. ஸ்பூனை நான் மறைச்சிடறேன்!"