தோளில் ஒரு தட்டு

“யாருக்குடி காது மந்தம்?” என்று எகிறினார் அப்பா. நெசவு மில்லில் ஆயுள் முழுக்கத் தறி ஓட்டியவர்.

கைபேசிச் செயலியில் காதைச் சோதித்தே தீருவேன் என்று மகள் விடவில்லை. அவரைச் சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, எதிரில் அமர்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கைபேசித் திரையைத் தொட வேண்டும்.

ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு காதும் பழுதில்லை என்றது செயலி.

அப்பா ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். “ஒவ்வொரு தடவையும் எதுக்குத் தோளைத் தட்டினே? நான் என்ன செவிடனா?”

“நான் எழுந்திருக்கவே இல்லையேப்பா!” என்று கத்தினாள்.

தறி இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தறிக்காரர் சாகும்வரை அப்படித்தான் அப்பாவைத் தட்டினார்.

அப்பா திரும்பிச் சுவரை முறைத்தார். “செத்தும் விடமாட்டியாடா? எனக்கே கேட்கும், போ!”

அப்பா போட்டிருந்தது சற்றுமுன் இஸ்திரி போட்ட சட்டைதான். அதன் தோளில், விரல் தடமாகப் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது.