பெற்றோர் கட்டம்

"உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப முன்னாடி தோள் குடுத்தவன் நான். ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப எங்கிருந்துடா வந்தாரு புதுசா ஒரு அப்பா?"

கண்ணாடிப் பட்டறை முதலாளி காப்பீட்டுப் படிவத்தை மேசையில் ஓங்கி அடித்தார். பெற்றோர் கட்டத்தில் 'அப்பா, வயது 76' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை.

எழுதிய 'ஸ்கேல்' தலைகுனிந்து நின்றார். முப்பது வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறவர். அளவில் ஒரு நூல் பிசகாது, பேச்சில் பொய் வராது. அதனால் வந்த பட்டப்பெயர் அது. அந்த மனிதரா இப்படி!

நடுவில் மாட்டிக்கொண்டவள் காப்பீட்டுக்காரப் பெண். பாவம், காலையிலிருந்து அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கித் தொண்டை வற்றிப்போயிருந்தாள். "எங்களை மாதிரி சின்னக் கடைக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு எதுக்கும்மா?" என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. இந்த முதலாளி ஒருவர்தான் உட்காரவைத்துக் கேட்டார். ஏழு பேர் இருந்தாலே போதும், முதலாளியும் அதில் ஓர் ஆள். குழுவாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே வைத்தியம் உண்டு, பெற்றவர்களையும் சேர்க்கலாம். அவள் சொல்லி முடிப்பதற்குள், "என் ஆளுங்க நல்லா இருக்கட்டும்மா" என்று சம்மதித்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று இப்போது அவளுக்குப் பயம்.

"ஒரு பொய் போதும் சார், எல்லாருக்கும் சேர்த்து ரத்து பண்ணிடுவாங்க" என்றவள் ஸ்கேலிடம் திரும்பினாள். "அண்ணே, அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

ஸ்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரத்த சொந்தம் இல்லம்மா. ஆனா நாலு வருஷமா எங்கூடத்தான் இருக்காரு. கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்த மனுஷன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னையே வித்தாலும் அவ்வளவு தேறாது."

"அதுக்காக ஊரான் அப்பனை உன் அப்பன்னு எழுதிடுவியா?" முதலாளியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உன் மனசு புரியுதுடா. மத்தவங்க குடும்பத்தையும் நான் பார்க்கணும்ல?"

"பெத்த பிள்ளைதான் சேர்க்க முடியும், அண்ணே" என்றாள் அவள்.

ஸ்கேல் முதலாளியையே பார்த்தபடி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பெரியவரின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சத்தியம் போனாப் போகட்டும். உசிரு போனா வராது."

முதலாளி அட்டையை எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதிலிருந்த படத்தை அவர் ஏன் விரலால் தடவுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இவன் கட்டத்துல அதை அடிச்சிடுங்கம்மா" என்றார் முதலாளி.

அவள் அடித்தாள். ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் பேருக்கு நேரா எழுதுங்க... என்னைப் பெத்த அப்பான்னு."