நாலு கல் இட்லி

1961 டிசம்பரில், தாராவிச் சந்தில் சீனியம்மாள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு முதன்முதலாக இட்லிக் கடை போட்டாள். ஊர்ப் பழக்கத்தில் மாவை வெறுமனே மூடி வைத்திருந்தாள். பம்பாய்க் குளிரில் அது பொங்கவில்லை. இட்லி கல்லாக இருந்தது. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். வலது கையில் பிறை போலத் தழும்பிருந்த ஒருத்தி மட்டும் நாலு தின்றாள்.

"மாவுப்பானையக் கம்பளில சுத்தி வையி, தாயி. நாளைக்கும் கடையப் போடு."

அந்த வார்த்தையில்தான் எட்டு வருஷமாகக் கடை ஓடுகிறது. நன்றி சொல்லத் தேடியும் அவள் கிடைக்கவில்லை.

போன மாதம் இட்லிக் கொப்பரை சுட்டதில் சீனியம்மாளின் வலது கையில், புண் ஆறியதும் பிறை போலத் தழும்பு நின்றது.

இன்று காலை அதே சந்தில் ஒரு பெண் அழுதபடி இட்லிகளைக் கொட்டப் போனாள். என்றோ கிழிந்து இட்லித்துணியாகிப்போன சீனியம்மாளின் அதே பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள்; முகமும் எட்டு வருஷத்துக்கு முந்தைய சீனியம்மாளின் முகம்.

சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலு வையி, தாயி. பசிக்கி."

கடித்த பிறகுதான் தெரிந்தது, அன்று அந்தப் புண்ணியவதி எத்தனை பெரிய கல்லைத் தின்றாள் என்று.